நிர்வாகி பாரிஸில் இருக்கிறார்

றோஸ் வாசிகசாலைக்குள் ஓடி வந்தபோது ஒரு காலில் மட்டுமே சப்பாத்து இருந்தது. மற்றதைக் கையில் பிடித்திருந்தாள்.

"உதயாக்கா, கடிதம்! மூண்டு மணிக்குள்ளை கடிதம் குடுக்க வேணுமாம். இல்லாட்டி என்னை விளையாட விடமாட்டினமாம்."

"என்ன கடிதம்? முதல்லை மூச்சை விடு."

அவள் மூச்சு விடவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். எங்கள் ஊர்ப் பெண்கள் உதைபந்தாட்ட அணி முதல் தடவையாக இறுதிப் போட்டிக்கு வந்திருக்கிறது. இன்று பின்னேரம் நான்கு மணிக்குப் பருத்தித்துறையில் போட்டி. றோஸ்தான் எங்கள் கோல் காப்பாளர். எதிரே ஆடப்போவது இளவேனில் கழகம். பதினாறு வயதில் பெரியம்மா வீட்டில் நின்று படித்தபோது றோஸ் அந்தக் கழகத்துக்குத்தான் விளையாடினாள். ஊருக்குத் திரும்பியபோது அவர்கள் அவளை விடுவித்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். அப்படியொரு கடிதம் கொடுத்ததாகத் தங்களிடம் பதிவே இல்லை என்று அவர்களுடைய புதிய செயலாளர் இன்று காலை லீக்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"கடிதம் இல்லாட்டி இண்டைக்கு மட்டும் இல்லையக்கா, ஒரு வருசம் தடை. மாகாண அணிக்கு ஆள் எடுக்கிறது இந்த மாசம்." அவள் குரல் அந்த இடத்தில் உடைந்தது. "ஒரு வருசம் நான் என்ன செய்யிறது? கோலுக்கு வெளியிலை நிண்டு கை தட்டுறதோ?"

"அவையின்ரை பழைய செயலாளரைக் கேட்டியோ?"

"அவர் கப்பல் வேலைக்குப் போயிட்டார். நடுக்கடலிலையாம். போன் வேலை செய்யாது."

சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டு நாற்பது.

மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்து பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்த வின்சன்ற் மாமா மெல்ல நிமிர்ந்தார். மூன்று வள்ளங்களின் சொந்தக்காரர், வாசிகசாலைக்கும் கழகத்துக்கும் தலைவர். நான் அங்கே நூலகப் பொறுப்பாளர்.

"மாமா, கழகத்தின்ரை பழைய கடிதங்கள் எங்கை?"

"கொளுத்தியாச்சு."

"என்னது?" என்று றோஸ் கத்தினாள்.

"அலுமாரி முழுக்கக் கறையான், பிள்ளை. ஜெனிஸ்ரன்தான் சொன்னவன், எல்லாக் கடுதாசியும் கொம்பியூட்டருக்கை ஏத்திப்போட்டன், இனிக் கொளுத்துங்கோ எண்டு."

ஜெனிஸ்ரன் அண்ணை பாரிஸில் பத்து வருடமாக இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு கோயில் பெருநாளுக்கு ஒரு மாத லீவில் வந்தபோது இந்தக் கணினியைப் பொதி கட்டிக் கொண்டுவந்து அன்பளிப்புச் செய்தார். கூடவே ஒரு ஸ்கானரும். அந்த மாதம் முழுக்க இரவு பகலாகக் கழகத்தின் காகிதங்களை ஒவ்வொன்றாக அதில் படம் பிடித்தார். கடைசி வாரத்தில் பெருநாள் மேடை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் வின்சன்ற் மாமாவோடு சண்டை வந்து, சொல்லாமலே விமானம் ஏறிவிட்டார். கணினி அன்றிலிருந்து இன்றுவரை பிரெஞ்சு மொழியில்தான் பேசுகிறது. எந்தப் பொத்தான் 'ஓம்', எந்தப் பொத்தான் 'இல்லை' என்பதை நான் இடத்தைப் பார்த்துத்தான் பழகியிருக்கிறேன்.

கோப்புகளைத் தேடித் தருவதற்கென்று ஒரு சின்ன மென்பொருளைப் போன மாதம் அதில் போட்டிருந்தேன். கணினியோடு வந்த தேடல் மாவு அரைப்பதுபோலச் சுற்றிக்கொண்டே இருக்கும். இது எழுத்தைத் தட்டத் தட்ட விடையைக் காட்டும். அதைத் திறந்து 'கடிதம்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். பூச்சியம். 'இளவேனில்' என்று தட்டினேன். பூச்சியம். றோஸின் பெயர். பூச்சியம்.

"இல்லையோ?" றோஸ் என் தோளில் நாடியை வைத்து எட்டிப் பார்த்தாள். அவளுடைய வியர்வை என் கழுத்தில் விழுந்தது.

"பொறு. பொறு, பொறு."

எதுவோ உறுத்தியது. கணினியின் வட்டில் முந்நூறு கிகாபைட் நிறைந்திருப்பதாக ஒரு மூலையில் போட்டிருந்தது. தேடல் காட்டிய கோப்புகளை எல்லாம் கூட்டினாலும் நாற்பதைத் தாண்டவில்லை. அப்படியானால் மிச்சம் எங்கே? இரண்டு வருடமாக நான் ஒரு வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு அதுதான் முழு வீடு என்று நினைத்திருக்கிறேன்! வட்டுக்குள் போய்ப் பார்த்தேன். பயனர்களுக்கான இடத்தில் இரண்டு கோப்புறைகள். ஒன்று எங்களுடையது. மற்றதில் 'ஜெனிஸ்ரன்' என்று இருந்தது. அதைத் தட்டியதும் ஒரு பெட்டி குதித்து வந்து வழியை மறித்தது.

"அங்கைதான் கிடக்குது!" என்று நான் மேசையில் அடித்தேன். "அவர் தன்ரை கணக்கிலை இருந்து ஸ்கான் பண்ணியிருக்கிறார். அதாலை அது அவற்றை சொந்தப் பொருள். எங்கடை கணக்காலை போய்த் தேடினால் ஒண்டும் தெரியாது."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

"தேடுற மென்பொருளை நிர்வாகியாத் திறக்க வேணும்."

வலப்பக்கப் பொத்தானை அமுக்கி, கேடயப் படம் போட்ட வரியைத் தெரிவு செய்தேன். திரை முழுக்க இருண்டு, நடுவில் மட்டும் ஒரு பெட்டி வெளிச்சமாக நின்றது. உள்ளே பிரெஞ்சு. றோஸ் தன் தொலைபேசியின் கமராவைத் திரைக்கு நேரே பிடித்தாள். எழுத்துகள் அசைந்து தமிழாகின: இந்தச் செயலி உங்கள் சாதனத்தில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா? தொடர்வதற்கு நிர்வாகியின் கடவுச்சொல்லை இடவும்.

"என்னவாம்?" என்றார் வின்சன்ற் மாமா.

"நிர்வாகியின்ரை அனுமதி வேணுமாம்."

"நிர்வாகி நான்தானே! பொதுக்கூட்டத்திலை கை தூக்கித் தெரிஞ்ச தலைவர். நான் சொல்லுறன், ஓம் எண்டு அமத்து, பிள்ளை."

"உங்களை இல்லை மாமா. ஜெனிஸ்ரன் அண்ணையைக் கேக்குது."

"அவன் பாரிஸிலை எல்லோ?"

"கொம்பியூட்டருக்கு அது தெரியாது."

ஒன்று பத்து. பாரிஸில் காலை பத்து மணியாகவில்லை. வட்ஸ்அப்பில் அழைத்தேன். மணி அடித்தது, அடித்தது, நின்றது. திரும்ப அழைத்தேன். மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம், யாரோ பிரெஞ்சில் ஏசும் சத்தம்.

"ஆர் செத்தது?" என்றார் ஜெனிஸ்ரன் அண்ணை.

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணை! நான் வாசிகசாலை உதயகலா."

"வேலை நேரத்திலை ஊரிலையிருந்து மூண்டுதரம் அடிச்சால் வேறை என்னத்தை நினைக்கிறது? அரை மூட்டை வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிக்கிறன். ஏற்கெனவே கண்ணீர் வருது. சொல்லு."

சொன்னேன். நான் சொன்னதைவிட அரைவாசி நேரத்தில் றோஸ் திரும்பவும் சொன்னாள்.

"ஓ, அந்தக் கடிதம் கிடக்குது, கிடக்குது. நான்தான் ஏத்தினது. பாஸ்வேட் தாறன், எழுது." பிறகு குரல் தாழ்ந்தது. "ஸ்பீக்கரிலையோ போட்டிருக்கிறாய்?"

"ஓம்."

"எடு."

"ஏன் அண்ணை?"

"எடு எண்டுறன்! பக்கத்திலை ஆர் நிக்கினம்? தலைவரோ?"

எடுத்துக் காதில் வைத்தேன். அவர் கடவுச்சொல்லைச் சொன்னார். கேட்டதும் நான் வின்சன்ற் மாமாவின் நீண்ட, ஒடுங்கிய, கீழ்த்தாடை முன்னுக்கு வந்த முகத்தைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டேன். 'வாளைமண்டை' என்று ஆங்கில எழுத்தில், இடைவெளியில்லாமல்.

"ஒருத்தருக்கும் காட்டாதை," என்றார். "அப்ப கொஞ்சம் கோவத்திலை வைச்சது."

தட்டினேன். பன்னிரண்டு கறுப்புப் புள்ளிகள் வரிசையாக நின்றன. என்ரரை அமுக்கினேன். பெட்டி சிவப்பில் ஒரு வரி காட்டியது. றோஸ் கமராவைப் பிடித்தாள். கடவுச்சொல் தவறு.

திரும்பவும் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. தவறு. அவர் எழுத்தைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். தவறு.

"மறந்துபோனியள் அண்ணை."

"பிள்ளை, எத்தினையை மறந்தாலும் அந்தச் சொல்லை நான் மறக்கமாட்டன்!"

ஒன்று முப்பத்தைந்து. மைதானத்திலிருந்து அணிப் பெண்கள் றோஸை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அவள் எடுக்கவில்லை. மற்றச் சப்பாத்தையும் போட்டுக் கட்டினாள், பிறகு அவிழ்த்தாள், பிறகு கட்டினாள்.

கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னக் கண் வரைந்திருந்தது. இதுவரை அதைத் தொடத் தோன்றவில்லை. மறைத்து வைக்கத்தான் புள்ளிகள் என்று மட்டுமே யோசித்திருந்தேன். திரும்பத் தட்டிவிட்டு அந்தக் கண்ணை அமுக்கிப் பிடித்தேன்.

புள்ளிகள் எழுத்துகளாகின. ஆனால் நான் தட்டிய எழுத்துகள் இல்லை. 'ஏ' வரவேண்டிய ஐந்து இடத்திலும் 'கியூ' நின்றது. 'எம்' வரவேண்டிய இடத்தில் ஒரு கொமா!

"அண்ணை! அண்ணை, நான் ஏ எண்டு அடிச்சால் கியூ எண்டு விழுகுது!"

மறுமுனையில் கத்தி கீழே விழும் சத்தம் கேட்டது.

"கீபோட்! நான் தந்த கீபோட் எங்கை?"

"உப்புக் காத்துக்கு எழுத்தெல்லாம் இறுகிப்போச்சு. போன வருசம் யாழ்ப்பாணத்திலை புதுசு வாங்கினனாங்கள்."

"அதுதான்! அது இங்கிலிசுக் கீபோட். பிரெஞ்சுக் கீபோட்டிலை ஏயும் கியூவும் இடம் மாறி இருக்கும். நீ உங்கடை கணக்கை மாத்தி வைச்சிருப்பாய், அனுமதி கேக்கிற பெட்டி இன்னும் தான் பிரான்சிலை நிக்கிறதா நினைச்சுக்கொண்டிருக்குது. ஏ வேணுமெண்டால் கியூவை அமத்து. எம் வேணுமெண்டால் எல்லுக்குப் பக்கத்துக் கட்டை."

எங்கள் மேசை இங்கே ஊரில் இருக்க, அந்தச் சின்னப் பெட்டி மட்டும் இரண்டு வருடமாகப் பாரிஸில் இருந்திருக்கிறது. கண்ணைத் திறந்து வைத்தபடியே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன், பிழை விடக்கூடாதென்று. பின்னால் வின்சன்ற் மாமா மூக்குக்கண்ணாடியைப் போடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் செய்துகொண்டிருந்த காரியம் எனக்கு உறைத்தது.

"வா... ளை..." அவர் விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு வாசித்தார். "மண்... டை."

தொலைபேசி என் மடியில் கிடந்தது. எப்போது ஸ்பீக்கருக்குத் திரும்பியதோ தெரியாது.

"மாமா, அது..." என்று பாரிஸ் தொடங்கியது.

"எனக்குத் தெரியும்," என்றார் வின்சன்ற் மாமா ஆறுதலாக. "என்னைச் சொல்லேல்லை. பள்ளிக்கூடத்திலை உன்ரை கொப்பரை நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிட்டனாங்கள். அவரை மறக்காமல் வைச்சிருக்கிறாய். நல்ல பிள்ளை."

"என்ன? எங்கடை ஐயாவையோ?"

றோஸ் வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே இருந்துவிட்டாள். அழவேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்தால் மனிதருக்கு விக்கல் எடுக்கும் என்பதை அன்றுதான் கண்டேன். நான் என்ரரை அமுக்கினேன். பாரிஸில் யாரோ பெரிய குரலில் கத்தினார்கள், ஜெனிஸ்ரன் அண்ணை "வாறன், வாறன்" என்று தமிழிலேயே பதில் சொன்னார், தொடர்பு அறுந்தது.

திரை மீண்டும் வெளிச்சமானது. தேடல் சாளரத்தின் அடியில் கோப்புகளின் எண்ணிக்கை ஓடத் தொடங்கியது. நாற்பதாயிரம். தொண்ணூறாயிரம். இரண்டு இலட்சத்து எழுபதாயிரம். பூட்டிய வீட்டின் அறைகள் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டு போவதுபோல இருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

'றோஸ்' என்று தட்டினேன். அறுபத்தொரு விடைகள்!

அறுபத்தொன்றும் ஜெனிஸ்ரன் அண்ணை பாரிஸிலிருந்து கொண்டுவந்த, 'றோஸரி' என்று பெயரிட்ட ஜெபமாலைப் பாட்டுகள்.

'கடிதம்'. ஒன்றுமில்லை. இளவேனிலும் இல்லை. ஸ்கானர் என்று பெயரிட்ட ஒரு கோப்புறை மட்டும் கண்ணில் பட்டது. திறந்தேன். ஆயிரத்து நானூறு படங்கள். பெயர்களை வாசித்தபோது தலை சுற்றியது. சூரியன் ஒன்று, சூரியன் இரண்டு, வான்புறா நான்கு, சின்னத்தோணி ஏழு. ஜெனிஸ்ரன் அண்ணையை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை.

"ஆயிரத்து நானூறையும் திறந்து பாக்கேலாது," என்றேன். "ஒவ்வொண்டும் அரை நிமிசம் எண்டாலும் நாளைக்குத்தான் முடியும்."

"கவிதையோ எழுதி வைச்சிருக்கிறார் மனிசன்?" என்றாள் றோஸ். குரலில் ஈரம் திரும்பிவிட்டது. ஒன்று ஐம்பத்தைந்து.

வின்சன்ற் மாமா கதிரையை இழுத்துப்போட்டுத் திரைக்குக் கிட்ட வந்து அமர்ந்தார். அவருடைய உதடு அசைந்தது. திடீரென்று தொடையில் அடித்தார்.

"அடேய், உதெல்லாம் வள்ளங்கள்!"

"என்ன மாமா?"

"சூரியன், அந்தோனிப்பிள்ளையின்ரை வள்ளம். வான்புறா என்ரை மச்சான்ரை. இந்தக் கரையிலை ஆரை ஆர் பேர் சொல்லிக் கூப்பிட்டது? சூரியன் வீட்டுப் பெடியன், வான்புறா வீட்டுப் பெட்டை எண்டுதானே கதைக்கிறம். உவனும் கடுதாசியளை அப்பிடியே வீடு வீடாப் பிரிச்சு வைச்சிருக்கிறான். பாரிஸுக்குப் போய் என்ன, மண்டை எங்கடை கரையிலைதான் கிடக்குது."

"றோஸ், உங்கடை வள்ளம் என்ன?"

"மரியநேசன்!"

தட்டினேன். பூச்சியம்.

அவள் முகம் விழுந்ததைப் பார்க்க முடியவில்லை. எழுத்தை மாற்றி மாற்றித் தட்டினேன், பாதியாகத் தட்டினேன், எதுவும் வரவில்லை. வின்சன்ற் மாமா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"மரியநேசன் போன வருசம் வாங்கினது எல்லோ? புது எஞ்சினோடை. கடிதம் ரெண்டு வருசப் பழசு. அப்ப கொப்பர் என்னத்திலை ஓடினவர்?"

"கடலரசி!" றோஸ் துள்ளி எழும்பியதில் புத்தக அடுக்கு ஒன்று சரிந்தது. "கடலரசி, அக்கா! வித்துப்போட்டம், நான் மறந்தே போனன்!"

முதல் எழுத்துக்கு ஆயிரக்கணக்கில் இருந்த பட்டியல் இரண்டாவது எழுத்துக்கு நூறாகக் குறைந்தது. மூன்றாவது எழுத்து. நான்காவது. 'கடல்' என்று வந்தபோது முப்பது வரிகள் மிஞ்சின. அடுத்த எழுத்தில் ஐந்தே ஐந்து. கடலரசி ஒன்று, மீன்பிடிச் சங்கத்தின் அங்கத்துவப் படிவம். இரண்டு, றோஸின் பிறப்பத்தாட்சிப் பத்திரம். மூன்றைத் தட்டினேன். தேடல் நிர்வாகியின் அனுமதியோடு திறந்திருந்தது. ஆகவே அது கைகாட்டிய கோப்பும் மறுப்பில்லாமல் திறந்தது.

ஒரு மூலை மடிந்த வெள்ளைத் தாள். மேலே இளவேனில் கழகத்தின் பெயர். இன்னார் எமது கழகத்திலிருந்து முழுச் சம்மதத்துடன் விடுவிக்கப்படுகிறார் என்ற வரி. கீழே திகதி, செயலாளரின் கையொப்பம், ஊதா நிற முத்திரை.

நாங்கள் மூவரும் என்ன சத்தம் போட்டோம் என்று எனக்கு நினைவில்லை. எதிர்வீட்டு நாய் குரைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

பிறின்ரர் இரண்டு தரம் முனகிவிட்டுத் தாளைத் தந்தது. வின்சன்ற் மாமா அலுமாரிச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, வாசிகசாலை முத்திரையை வெளியே எடுத்து, அதன்மீது இரண்டு தரம் ஊதி, தாளின் ஓரத்தில் குத்தினார். பக்கத்தில் 'உண்மைப் பிரதி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"இதுக்கு ஒருத்தன்ரை பாஸ்வேட்டும் வேண்டாம்," என்றார்.

என் ஸ்கூட்டியில் றோஸ் பின்னால் ஏறினாள். கடிதத்தைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள், என்னைப் பிடிக்கவில்லை. கடற்கரை வீதியில் காய்ந்துகொண்டிருந்த வலைகளைச் சுற்றி, மீன் ஏற்றிய லொறிக்குப் பின்னால் மாட்டி, அதை முந்தி, பேருந்து ஒன்றிடம் ஏச்சு வாங்கி, மைதானத்துக்குள் நுழைந்தபோது இரண்டு ஐம்பத்திரண்டு. பந்தலுக்குக் கீழே லீக்கின் மேசை. எங்கள் பெண்கள் ஒன்பது பேர் எழுந்து ஓடி வந்தார்கள். பத்தாவது ஆள், கோலுக்கு நிற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்ட தர்சிகா, நின்ற இடத்திலேயே கையுறைகளைக் கழற்றத் தொடங்கினாள்.

இளவேனிலின் புதிய செயலாளர் கீர்த்திகன் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். என் வயதுதான் இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, கையில் மெல்லிய கோப்பு. கடிதத்தை லீக் தலைவர் அவரிடம் நீட்டினார். அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். றோஸ் என் மணிக்கட்டை நெரித்தாள்.

"இது எங்கடை பழைய செயலாளரின்ரை கையெழுத்துத்தான்," என்றார். "கீழை ரெண்டு கோடு இழுப்பார். முத்திரையும் எங்கடை." தன் பேனாவை எடுத்து, முறைப்பாட்டுத் தாளில் 'வாபஸ் பெறுகிறேன்' என்று நின்றபடியே எழுதினார். பிறகு றோஸைப் பார்த்து, "தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ. எனக்கு முந்தி இருந்தவர் ஒரு கோப்பும் தராமல் கப்பலுக்குப் போயிட்டார். இல்லாத கடிதத்தை இருக்கெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த வின்சன்ற் மாமா அவருடைய தோளைத் தட்டினார். "உங்கடையள் கப்பலிலை, எங்கடையள் பாரிஸிலை. விடுங்கோ தம்பி."

றோஸ் அங்கே இல்லை. லீக் தலைவர் அவளுடைய பெயரை முதலாம் இலக்கத்துக்கு நேரே எழுதி முடிக்கும் முன்பே அவள் மைதானத்தின் மறுகரைக்கு ஓடி, தர்சிகாவின் கையிலிருந்து கையுறைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

போட்டி தொடங்கிப் பன்னிரண்டாவது நிமிடம் இளவேனிலுக்கு நேர் உதை கிடைத்தது. கோலிலிருந்து இருபது மீற்றர்கூட இல்லை. அவர்களுடைய உயரமான பெண் ஒருத்தி நான்கு எட்டுப் பின்னுக்கு வைத்து ஓடி வந்து உதைத்தாள். பந்து எங்கள் பெண்களின் தலைகளுக்கு மேலாக வளைந்து, வலப்பக்க மேல்மூலையை நோக்கிப் போனது. நான் பார்க்காமலிருக்கக் கண்ணை மூடப் போனேன், மூட முடியவில்லை. றோஸ் நிலத்தை விட்டு எழும்பினாள். ஒரு கை மட்டும் நீண்டது, நீண்டுகொண்டே போனது, விரல்நுனியில் பந்து பட்டுக் கம்பத்துக்கு மேலால் கடல் பக்கமாகப் பறந்தது.

"அது எங்கடை பெட்டை!" என்று வின்சன்ற் மாமா கத்தியபடி பக்கத்தில் நின்ற ஆளைக் கட்டிப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பிடிக்குள் நின்றவர் கீர்த்திகன். சட்டை கசங்கி, கோப்பு நழுவி மணலில் விழ, அவரும் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.